மாதம் நாற்பது கிரேட்

ஜெனித் கோலா உலகத்தில் இரண்டே இடத்தில்தான் கிடைக்காது என்று ஜெகநாதன் சார் சொன்னார். ஒன்று, அமெரிக்காவோடு பல வருஷமாகப் பகை கொண்ட ஏதோ ஒரு நாடு. பெயர் சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை. இன்னொன்று எங்கள் சுண்ணாம்புமுனை.

அவர் அந்தக் கம்பெனியின் ஏரியா மேனேஜர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து இரண்டு நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே நிக்கோபார் பக்கம் இருக்கிற எங்கள் தீவுக்கு வந்து இறங்கினார். கையில் சுருட்டி வைத்த உலகப் படம். சண்முகம் கடை முன்னால் அதை விரித்து நாலு மூலையிலும் தேங்காய் வைத்தார். கோலா விற்கிற இடமெல்லாம் ஊதா நிறம். உலகமே ஊதாவாக இருந்தது. வங்காள விரிகுடாவின் கீழ்க்கோடியில் கடுகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல," என்றார்.

நாங்கள் சுனாமியைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டோம். கீழ் லயத்தில், அதாவது கடலோரத்து வரிசை வீடுகளில் மட்டும், நாற்பத்தோரு பேர் போயிருந்தார்கள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவர் வெள்ளைப் புள்ளியைச் சொல்கிறார் என்று புரிந்தது.

நான் எங்கள் ஜெட்டியில், கப்பல் வந்து அணைகிற மேடையில், கயிறு பிடிக்கிறவன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இது 2008-ல் நடந்தது. எங்கள் ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ரப்பர் பால் வெட்ட இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். சுனாமிக்குப் பிறகு மேட்டில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். வாசலில் 'இடைக்காலத் தங்குமிடம்' என்று போர்டு. போர்டு துருப்பிடித்து, மறுபடி பெயிண்ட் அடித்து, மறுபடி துருப்பிடித்துவிட்டது. தீவின் அந்தப் பக்கம் போகிற ரோட்டைக் கடல் தின்றுவிட்டது. மாதம் ஒரு கப்பல்தான் எங்களுக்கு வழி.

அந்தக் கப்பலுக்கும் ஜனவரியில் ஒரு கமிட்டி வந்தது. தீவுத் துறைகள் தேவை மதிப்பீட்டுக் குழு. தலைவர் சிவப்பிரகாசம் சார், மெயின்லேண்ட்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல மனுஷர், யார் கும்பிட்டாலும் திரும்பக் கும்பிடுவார். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற மைதானத்தில், எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"எந்த ஜெட்டியில மாசம் நாப்பது கிரேட், அதாவது நாப்பது பெட்டி, வியாபாரச் சரக்கு இறங்குதோ, அங்க கப்பல் நிக்கும். இறங்கலைன்னா நிக்காது. மார்ச்லேர்ந்து ரூல். ரொம்ப சிம்பிள்."

"ரேஷன் அரிசி எறங்குதுங்களே?" என்றார் கடைக்காரர் சண்முகம்.

"அது கவர்ன்மென்ட் சரக்கு. கவர்ன்மென்ட் தனக்குத்தானே அனுப்பிக்கறதத் தேவைன்னு எப்படிச் சொல்றது?"

"மருந்து வருதுங்க."

"அது இலவசம். இலவசமா குடுத்தா யாரும் வாங்கிக்குவாங்க. அதுல தேவை எங்க தெரியுது?"

பொன்னுத்துரை எழுந்தார். பால்வெட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயசு. "நாங்க அறுவத்திரெண்டு குடும்பம் இருக்கோமுங்க. ஏறி எறங்குற ஆளுக கணக்கு உண்டுங்களா?"

சிவப்பிரகாசம் சார் பரிவாகச் சிரித்தார். "நீங்க இருக்கறது எதுல? இடைக்காலத் தங்குமிடம். தங்குமிடம் இடைக்காலம்னா தங்கறவங்களும் இடைக்காலம்தானே? இடைக்கால ஆளை வெச்சு நிரந்தர ஸ்டாப் குடுத்தா ஆடிட்ல என்ன பதில் சொல்வேன்? நீங்களே சொல்லுங்க."

பொன்னுத்துரை யோசித்துப் பார்த்துவிட்டு, "சரிதானுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் சுபாவம் அது. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று தேடுவார். தேடினால் கிடைத்துவிடும்.

அவர் மனைவி அங்கம்மா முழங்கையால் அவரை இடித்தாள். "சரிதானுங்கவாம். ஜஹாஸ் நிக்காட்டி ஓம் மகள எப்புடிய்யா போர்ட் பிளேருக்குக் கொண்டுபோறது?"

கப்பலுக்கு எங்கள் ஊரில் ஜஹாஸ் என்றுதான் பேச்சு. மகள் சுதா அப்போது போர்ட் பிளேரில் இருந்தாள், மூன்று மாதக் கர்ப்பம். புருஷன் ராக்கப்பன் சாத்தம் மரமில்லில் கூலி. அங்கே ஜங்லிகாட் பகுதியில் ஒரே அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தான். அந்த அறையில் கர்ப்பிணியை வைத்திருக்க முடியாது. தாய்வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் பிரசவம் வைக்கவே கூடாது, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் மாதம் என்றால் ஜூலை. ஜூலையில் கப்பல் நின்றாக வேண்டும்.

எங்களுக்கு யார் வியாபாரச் சரக்கு அனுப்புவார்கள்? சண்முகம் போர்ட் பிளேரில் எட்டு மொத்தக்கடைக்குச் சொல்லி அனுப்பினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் பிப்ரவரிக் கப்பலில் ஜெகநாதன் சார் உலகப் படத்தோடு இறங்கினார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

"எத்தனை கிரேட் வேணும்?" என்றார்.

"நாப்பது," என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இப்படி ஒரு தாகத்த நான் எந்த மார்க்கெட்லயும் பாத்ததில்ல," என்றார்.

மார்ச் கப்பலில் நாற்பது கிரேட் இறங்கியது. அதே கப்பலில் சுதாவும் இறங்கினாள். ஒரு கிரேட்டில் இருபத்துநாலு கண்ணாடி பாட்டில். மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது. வீட்டுக்குப் பதினைந்து என்று பங்கு போட்டோம். மிச்சம் முப்பதைச் சண்முகம் தலையில் கட்டினோம்.

முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. கிணறு எல்லாம் சுனாமியில் உப்பாகிப்போய், மழைத்தண்ணீரைத் தகரத்தில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் தண்டா கொடுத்தார்கள். கூல்டிரிங்க் எதுவானாலும் இங்கே அதற்குத் தண்டா என்றுதான் பெயர். கரண்ட் இல்லாததால் சூடாகத்தான் இருக்கும். இரண்டாம் வாரம் விருந்தாளி வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் வாரம் சண்முகம் வீடு வீடாக வந்து கெஞ்சினார். காலி பாட்டில் கப்பலில் திரும்பினால்தான் அடுத்த நாற்பது வரும்.

"எனக்குச் சக்கர வியாதிய்யா," என்றாள் வயசான ஒச்சம்மா. "என் பங்க யாராச்சும் குடிச்சுத் தொலைங்க."

"ஆளுக்கு ஆள் இப்புடிச் சொன்னா சுதா எப்புடிப் போறது?" என்றார் சண்முகம்.

ஒச்சம்மா சுதாவின் வயிற்றைப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டிலைக் குடித்தாள். அப்புறம் நாலு நாள் படுத்துவிட்டாள்.

சுதா வெட்கத்தில் கூனிப்போனாள். "ஒவ்வொருத்தவுங்க ஏப்பம் விடுறப்பவும் எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா," என்பாள்.

கொட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பொன்னுத்துரை விடவில்லை. காசு கொடுத்து வாங்கினதை மண்ணில் கொட்டுவதில் அவருக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் முரண்டு பிடித்தார்.

ஏப்ரலில் ஒரு காலை. அவர் வெட்டின பாலைத் தட்டுகளில் ஊற்றி வைத்திருந்தார். ரப்பர் பால் உறைய ஆசிட் சேர்க்க வேண்டும். உறைந்தால்தான் உருளையில் விட்டு ஷீட் ஆக்க முடியும். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஆசிட் ஒழுங்காக வந்ததில்லை. ஆசிட் அபாயச் சரக்கு, அதற்குத் தனிக் கப்பல் வேண்டும், தனிக் கப்பலுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று நாலு வருஷமாகத் தோட்ட நிர்வாகம் எழுதிக்கொண்டிருந்தது. பால் பாதி நாள் தட்டிலேயே நாறிப்போகும். அன்றைக்கு அவர் பங்குப் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் குடித்து, முடியாமல் மிச்சத்தைத் தட்டோரம் வைத்தார். அது சாய்ந்து பாலுக்குள் போனது. எடுப்பதற்குள் முழுதும் கலந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பால் திரிந்தது. பிறகு கட்டியானது.

"அங்கம்மா, ஓடியா! பால் உறையுது!"

அங்கம்மா வந்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். "அடப்பாவி மனுசா. இதத்தான் நாம ஒரு மாசமா வயித்துக்குள்ள ஊத்துனமா?"

அதோடு எங்கள் கஷ்டம் தீர்ந்தது. யாரும் குடிக்க வேண்டியதில்லை. காலையில் பால் வெட்டி, தட்டில் ஊற்றி, தண்டா விட்டுக் கலக்கிவிட்டால் மத்தியானம் உருளைக்கு ரெடி. ஷீட் கொஞ்சம் பழுப்பாக வந்தது. வெயிலில் காயப் போட்டால் எறும்பு மொய்த்தது. அது தவிர ஒரு குறையும் இல்லை. மேயில் நாற்பது போதவில்லை. சண்முகம் அறுபத்தெட்டுக் கிரேட்டுக்கு ஆர்டர் போட்டார்.

அந்த அறுபத்தெட்டு சென்னையில் ஒரு கம்ப்யூட்டரில் மணியடித்திருக்கிறது. அறுபத்திரண்டு குடும்பம், குழந்தை குட்டி உட்பட, ஆளுக்கு மாதம் எத்தனை பாட்டில் என்று வகுத்துப் பார்த்தார்கள். உலகத்தில் எந்த ஊரும் பக்கத்தில் வரவில்லை. ஜூன் கடைசியில் ஜெகநாதன் சாரும் சிவப்பிரகாசம் சாரும் தனிப் படகு பிடித்து விழா எடுக்க வந்தார்கள். அந்தப் படகில் எட்டு சீட் காலியாக இருந்தது. அன்றைக்கு நாங்கள் அதை யோசிக்கவில்லை. ஜூலைக் கப்பல்தான் இருக்கிறதே.

பெரட்டுக்களத்தில் ஊதா பேனர். ஜெகநாதன் சார் கூடக் கொண்டுவந்த பேட்டரி மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, ஒரு பேரழிவு நடந்த இடத்துல மனுஷன் முதல்ல எதைத் தேடுவான்? வீடுன்னு சொல்வீங்க. தண்ணின்னு சொல்வீங்க. எங்க கம்பெனி அப்படி நினைக்கல. உங்க கிணறு உப்பாப் போனது எங்களுக்குத் தெரியும். அது ஒரு இழப்பு இல்ல. அது ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பை நீங்க பயன்படுத்திக்கிட்டீங்க!"

கைதட்டினோம். சுதா முன்வரிசையில், இரண்டு கையையும் வயிற்றுக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

அடுத்து சிவப்பிரகாசம் சார். "மக்களே இல்லாத இடம்னு எங்க ஃபைல்ல இருந்த ஊர், இன்னிக்குத் தேவையில முதலிடம். இதுலேர்ந்து என்ன தெரியுது? ஒரு ஊர் வளர்றதுக்கு மக்கள் அவசியம் இல்ல. முறையான தேவை இருந்தாப் போதும். இந்தக் கமிட்டி மனுஷங்களப் பாத்து முடிவெடுக்கறதில்ல. பாத்தா பரிதாபம் வந்துடும். பரிதாபம் வந்தா நியாயம் போயிடும். அதனாலதான் நாங்க கிரேட்டைப் பாக்கறோம். கிரேட் பொய் சொல்லாது."

அதற்கும் கைதட்டினோம்.

முதல் ஆர்டரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்பதால் பொன்னுத்துரையை மேடையேற்றி மாலை போட்டார்கள். 'மாபெரும் நுகர்வாளர்' என்று ஒரு பட்டை. ஜெகநாதன் சார் மைக்கை நீட்டினார். "சொல்லுங்க ஐயா. இவ்ளோ குடிக்கறீங்களே, ரகசியம் என்ன?"

சண்முகம் கூட்டத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பொன்னுத்துரை அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"ஐயாமாருக்கு நன்றிங்க. மொதல்ல குடிக்கிறப்ப ரொம்பச் செரமப்பட்டமுங்க. இப்ப யாரும் குடிக்கிறதில்லீங்க. எல்லாத்தையும் ரப்பருக்கு ஊத்திர்றோம். ஆசிட்டவிட நல்லா வேல செய்யுதுங்க. நாலு வருசமா நாறிப்போன பாலு இப்பத்தான் ஷீட்டா வருது. ஒங்க கம்பெனிக்குப் பெரிய புண்ணியமுங்க."

ஜெகநாதன் சார் மைக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நம்பவில்லையோ என்று நினைத்து, அவர் மேடைக்குக் கீழே இருந்த பால் வாளியை எடுத்து வைத்து, தலைவர் குடிக்கத் திறந்து வைத்திருந்த பாட்டிலோடு இன்னும் மூன்றைச் சேர்த்து ஊற்றி, மாலையை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே கலக்கினார். நேரம் பிடித்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அப்புறம் பிசுபிசுவென்று ஒரு பழுப்புக் கட்டியைத் தூக்கி ஜெகநாதன் சார் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாருங்க. என்னா கெட்டி!"

ஜெகநாதன் சார் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தினம் மூன்று பாட்டில் குடிப்பவர்.

மூன்று நாளில் போலீஸ் அவுட்போஸ்ட் ஒயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. கான்ஸ்டபிள் படித்துக் காட்டினார். மேற்படி துறையில் இறங்குவது பானம் அல்ல, தோட்ட உள்ளீடு. தோட்டம் அரசுடையது. ஆகவே சரக்கு அரசுச் சரக்கு. ஆகவே வியாபாரத் தேவை பூஜ்யம். ஜூலையிலிருந்து கப்பல் நிற்காது. கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தது: விற்பனை என்றால் அருந்துதல், அருந்தாத இடம் விற்கிற இடம் ஆகாது.

அன்றைக்கே நர்ஸ் ஷீலா சுதாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பொன்னுத்துரையைத் தனியாகக் கூப்பிட்டாள். ஷீலா மலையாளி, எங்களோடு எங்கள் தமிழே பேசுவாள்.

"மாமா, இன்னிக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கு. தானா நின்னுடுச்சு. அடுத்த தடவ நிக்காது. நாலாந்தேதி ஜஹாஸ்ல ஏத்திடுங்க. என் கையில ஒண்ணுமே இல்ல, புரியுதா?"

பொன்னுத்துரை ஒயர்லெஸ் அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்றார். கடைசியில் சிவப்பிரகாசம் சார் லைனில் வந்தார். கான்ஸ்டபிளும் நானும் கூட இருந்தோம்.

"ஐயா, சுண்ணாம்புமுனை பொன்னுத்துரைங்க. மாலை போட்டீங்களே."

"சொல்லுங்க பொன்னுத்துரை, நல்லா இருக்கீங்களா?"

"மகளுக்குப் பெரசவமுங்க. ரத்தம் படுதுங்க. நாலாந்தேதி மட்டும் கப்பல நிப்பாட்டுங்க ஐயா."

"அடடா. கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா பிரயாணி வேற ஃபைல், சரக்கு வேற ஃபைல். பிரயாணி ஃபைல்ல உங்க ஊரே இல்லியே. இல்லாத ஊர்ல ஒரு பிரசவத்த நான் எப்படிப் பதிவு பண்ணுவேன்?"

"இனிமே குடிச்சிர்றோமுங்க. சத்தியமா எல்லாரும் குடிச்சிர்றோம். ஒரு சொட்டு ரப்பருக்குப் போகாது."

"நல்ல முடிவு. மனசார வரவேற்கிறேன். மூணு மாசம் நீங்க குடிக்கறத கவனிச்சுட்டு கமிட்டி மறுபரிசீலனை செய்யும். இப்பவே ஆரம்பிச்சுடுங்க. நேரத்த வீணாக்காதீங்க."

பொன்னுத்துரை வெளியே வந்து சொன்னது இதுதான்: "கவனிச்சிட்டுத்தான் செய்வாங்களாம். அதுவும் சரிதான். உடனே ஆரம்பிக்கணும்."

ஆரம்பித்தோம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மிச்சம் இருந்த கிரேட்டுகளைப் பெரட்டுக்களத்துக்குத் தூக்கிவந்தோம். காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து கான்ஸ்டபிள் முன்னால் குடித்துவிட்டுக் கைநாட்டு வைத்தோம். கான்ஸ்டபிள் வங்காளி, வயசு இருபத்தைந்து இருக்கும். "பஸ் கரோ பாய், பஸ் கரோ", போதும் போதும், என்று இந்தியில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டே எழுதினார். ஆண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து அடுத்ததைக் குடித்தார்கள். ஒச்சம்மாவை வரவேண்டாம் என்று பொன்னுத்துரை வீட்டு வாசலில் போய் மறித்தார்.

"தள்ளுடா," என்றாள் அவள். "எம் பேரு இல்லாட்டிக் கணக்குல ஒண்ணு கொறையும்ல."

மூன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் எல்லாம் காலி. கான்ஸ்டபிள் ஒயர்லெஸ்ஸில் முழுப் பட்டியலையும் வாசித்தார். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

நாலாம் தேதி காலை கப்பல் தெரிந்தது. ஒரு மைல் தள்ளி, வெள்ளையாக, தெற்கே போய்க்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவம், அலை ஆள் உயரம். டோங்கி என்று நாங்கள் சொல்கிற சின்ன மோட்டார் படகில் சுதாவைப் பாயில் சுற்றிப் படுக்கவைத்தோம். அங்கம்மா தலைமாட்டில், நான் எஞ்சினில், பொன்னுத்துரை முன்னால் நின்று விழாவில் போட்ட ஊதாப் பட்டையை அசைத்தார். தூரத்திலிருந்து கண்ணில் படுகிற நிறத்தில் எங்களிடம் வேறு துணி இல்லை.

கப்பலில் யாரோ கையை ஆட்டினார்கள். டாட்டா காட்டின மாதிரிதான் இருந்தது. பார்த்தார்களா, புரிந்ததா, எனக்குத் தெரியாது. அவர்கள்மேல் பழி போடமாட்டேன். பாதி தூரத்தில் டோங்கிக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. திருப்பினேன். பொன்னுத்துரை திருப்பாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கப்பல் மறைகிறவரைக்கும் பட்டையை அசைத்துக்கொண்டே இருந்தார்.

சுதா மட்டும், "அப்பா, ஒக்காருங்கப்பா, விழுந்துருவீங்க," என்றாள்.

ஹெலிகாப்டருக்குச் சொன்னோம். மேகம் தரைவரை இறங்கியிருந்தது. மூன்று நாள் எதுவும் பறக்கவில்லை. அதற்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு ரத்தம் மறுபடி ஆரம்பித்தது. ஷீலா தன் துப்பட்டாவைக்கூடக் கிழித்துப் பார்த்தாள். பதினொன்றேகாலுக்கு நின்றது. அதற்குப் பிறகு வடிவதற்கு உள்ளே எதுவும் இல்லை. குழந்தை உள்ளேயே இருந்துவிட்டது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து இலங்கைக்கும், இலங்கையிலிருந்து இங்கேயும் கூடவே வந்தது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்தால், அவள் சுமையை இறக்காமலே போய்விட்டாள் என்று அர்த்தம். அவள் பெயரில் ஆட்கள் நடக்கிற பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் வைப்பார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல், தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு போகிறவன் யார் உதவியும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். அவன் இறக்கும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும்.

பொன்னுத்துரை ஜெட்டி முகப்பில் வைத்தார். சுமை தூக்குகிற பாதை எங்கள் ஊரில் அது ஒன்றுதான். சுனாமி உடைத்துப்போட்ட பழைய ஜெட்டியின் காங்கிரீட் துண்டுகளைக் கடலிலிருந்து இழுத்துவந்து, யாரையும் தொடவிடாமல், ஒன்பது நாளில் தனியாக நிறுத்தினார். பெயர் எதுவும் எழுதவில்லை. ஜெட்டிக்குச் சரக்கே வராது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு கப்பல் வந்து நின்றது. விசேஷ அனுமதி. ஆயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு காலி பாட்டில் கம்பெனி சொத்து, அதை மீட்க வேண்டும். சிவப்பிரகாசம் சார் கடைசி ஆய்வுக்காகக் கூடவே வந்தார். கப்பல் கூலிகள் காலிக் கிரேட்டைத் தலையில் ஏற்றி நடந்து வந்து, கல்லைப் பார்த்ததும் இறக்கி வைத்து, பீடி பற்றவைத்து, மறுபடி தூக்கிப் போனார்கள். அவர் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பக்கத்தில் போய் உள்ளங்கையால் தட்டினார்.

"இது ஃபைல்ல இல்லியே. யார் கட்டினது?"

"நாந்தானுங்க," என்றார் பொன்னுத்துரை.

"சரக்கு இறக்க இவ்ளோ நல்ல ஏற்பாடு பண்ணிட்டு ஏன் சொல்லாம இருந்தீங்க? ஜெட்டியில சுமை கையாளும் வசதி இருந்தா ரூல் ஏழு பியில தேவையப் பாக்காமலே ஸ்டாப் குடுக்கலாம். முன்னாடியே கட்டியிருந்தா உங்க வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும்." டேப்பை எடுத்து உயரம் அளந்தார். நீளம் அளந்தார். "அது சரி, மகளுக்குப் பிரசவம்னீங்களே. என்ன குழந்தை?"

அவர் ஒயர்லெஸ்ஸில் பேசினதை நினைவு வைத்திருந்து கேட்கிறாரே என்று எனக்குக்கூட ஒரு கணம் தோன்றியது. பொன்னுத்துரை அவரையே பார்த்தார். அவர் சொன்னதில் நியாயம் தேடுகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் தேடினார்.

"இல்லீங்க," என்றார்.

அவர் ஒரு அதிகாரியிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிவப்பிரகாசம் சார் இன்னும் பிறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, "ஆகட்டும், ஆகட்டும், நல்லபடியா ஆகும்," என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

செப்டம்பரில் ஸ்டாப் திரும்பக் கிடைத்தது. உத்தரவில் காரணம் தெளிவாகப் போட்டிருந்தது: சுமைமேடை ஒன்று, நல்ல நிலையில். நான் கயிறு பிடித்துக் கட்டினேன். முதலில் இறங்கிய சரக்கு நாற்பது கிரேட் ஜெனித் கோலா. ஸ்டாப் இருப்பதால் கம்பெனி தானாகவே அனுப்பியிருந்தது. தெலுங்குக் கூலி ஒருவன், ஊருக்குப் புதுசு, தலையில் இரண்டு கிரேட்டோடு வந்து சுதாவின் கல்மேல் தொப்பென்று இறக்கினான். பாட்டில்கள் குலுங்கின.

சண்முகம் ஓடினார். "டேய், டேய், எடுடா அத! அதுல வைக்காத! அது என்னான்னு தெரியுமாடா ஒனக்கு?"

அவன் மொழி புரியாமல் பயந்துபோய், மூச்சிரைக்க, மறுபடி கிரேட்டில் கை வைத்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அங்கம்மா ஜெட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து அவன் கையைக் கிரேட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வைக்கட்டும் விடுங்கண்ணே," என்றாள். "என்னா இருக்குன்னு பாத்தா சொமைய எறக்குறாங்க? அவனுக்குக் கழுத்து வலிக்குதுல்ல."